இலவச இயந்திரத்துக்குக் கையெழுத்திடும் முன்

கேள்வி: முருங்கை இலையை உலர்த்தும் சூரிய ஒளி இயந்திரம் ஒன்றை எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இலவசமாகத் தர வெளிநாட்டு உதவி அமைப்பொன்று முன்வந்துள்ளது. அவர்களுடைய பொறியாளர் ஓராண்டு தங்கிப் பயிற்சி தருவாராம். ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பொறியாளர் விமானம் ஏறிய பிறகு இயந்திரம் முதன்முதலாகப் பழுதாகி நிற்கும் நாளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். இயக்கத் தெரிவது வேறு, பிரித்து மாட்டத் தெரிவது வேறு.

நம் தெருமுனை அடிபம்பு இதற்கு நல்ல சான்று. பீகார் வறட்சிக்காலமான 1967இல் யுனிசெஃப் கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆழ்துளைக் கிணறுகளில் பொருத்தப்பட்டவையோ, மேலைநாட்டில் ஒரே குடும்பத்தின் தேவைக்காக வடிவமைக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். ஊரே வரிசையில் நின்று நாள் முழுதும் அடித்தபோது அவை உடைந்தன. பிறகு, மகாராஷ்டிரத்தில் உருவான சோலாப்பூர் எஃகுப் பம்பை அடியொற்றி, யுனிசெஃப்பும் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனத்தின் சென்னை ஆலையும் ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கிக் கோவைப் பகுதியில் சோதித்தன. அதன் வரைபடத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை என்பதாலும், 1979இல் இந்தியத் தர அளவுகள் வகுக்கப்பட்டதாலும், பல தொழிற்சாலைகள் அதே பம்பைச் செய்ய முடிந்தது.

ஆயினும் கிணற்றின் ஆழத்தில் பிஸ்டனில் தேய்ந்துபோன தோல் வாஷர் ஒன்றை மாற்ற, முப்பது மீட்டர் ஆழமென்றால், மூன்று மீட்டர் ஜி.ஐ. குழாய்கள் பத்தையும் மேலே இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்கு வண்டியோடு ஒரு குழு வர வேண்டும். குழாயை அகலமாக்கி, பிஸ்டன் மட்டும் அதன் வழியே மேலே வரும்படி அடுத்த வடிவமான மார்க் 3இல் மாற்றினார்கள். விலையும் எடையும் கூடினாலும், ஊர் மெக்கானிக்கே துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வேலையை முடிக்க வழி பிறந்தது. அந்தக் கூடுதல் செலவு முற்றிலும் தகும் என்பேன்.

உங்கள் உலர்த்திக்கும் வரைபடங்கள், உதிரிபாகப் பட்டியல், அவற்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்துக்கொள்ளும் அனுமதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். விசிறியின் பேரிங் நம் கடைகளில் கிடைக்கும் அளவுதானா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கடவுச்சொல் இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு அலுவலகப் பணியாளர்களை மட்டும் அனுப்பாமல், ஊரைவிட்டுப் போகாத வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரையும் சேருங்கள். பொறியாளர் கைவைக்காமல் பக்கத்தில் நிற்க, உங்கள் ஆட்களே இயந்திரத்தை முழுதாகப் பிரித்து மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகே பயிற்சி முடிந்ததாகக் கருதப்படும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இதற்கு அவர்கள் தயங்கினால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.