பாட்காஸ்ட்டுக்குக் காணொளி தேவையா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. ஒலி வடிவில் பாட்காஸ்ட் (இணையத்தில் தொடராக வெளியாகும் பேச்சு நிகழ்ச்சி) நடத்தும் நம் ஊர்த் தமிழர்கள் பலர், கேமராவின் முன் உட்காராவிட்டால் தங்கள் நிகழ்ச்சி மறக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

கோலார் தங்கவயலில் பிறந்தவன் நான். இப்போது இராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளை இரண்டு ஆண்டுகளாகப் பாட்காஸ்ட்டாக வெளியிடுகிறேன். கேட்பவர்கள் 200 பேரைத் தாண்டவில்லை. காணொளியாக மாற்றினால் வளருமா?

வளர வாய்ப்பு உண்டு. ஆனால் அது எதனால் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒலிச் செயலிகளில் ஒரு நிகழ்ச்சியைப் பெரும்பாலும் அதன் பெயரை ஏற்கெனவே அறிந்தவர்தான் தேடிக் கண்டடைகிறார். உங்களை அறியாத ஒருவரிடம் உங்களைக் கொண்டுசேர்க்கும் வழி அங்கே குறைவு. யூடியூபிலோ, ‘கோலார் தங்கச் சுரங்கம்’ என்று தேடுபவரின் முன்னும், அதையொட்டிய வேறொரு காணொளியைப் பார்த்து முடித்தவரின் முன்னும் உங்கள் அத்தியாயம் தானாக வந்து நிற்க முடியும். கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் மூடிவிட்டு அதன் பயனர்களை யூடியூப் மியூசிக் பக்கம் திருப்பியதும், மாதந்தோறும் 100 கோடிப் பேர் தன் தளத்தில் பாட்காஸ்ட் பயன்படுத்துவதாக யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்ததும், கேட்பவர்கள் எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன.

அப்படி வருபவர் உங்கள் பழைய நேயர் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய நேயர், உங்கள் முன்னுரையையும் விருந்தினரின் நலம் விசாரிப்பையும் பொறுமையாகக் கேட்பார். புதியவர் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். ஆகவே கேமரா வாங்குவதற்கு முன் தொடக்கத்தை மாற்றுங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட நாளைப் பற்றி விருந்தினர் சொல்லும் மிக அழுத்தமான வாக்கியத்தில் தொடங்கிவிட்டு, பிறகு வணக்கம் சொல்லலாம். தலைப்பும் அப்படியே: ‘அத்தியாயம் 47’ என்பது உங்களுக்கு மட்டுமே பொருள் தரும், ‘தங்கவயல் மூடப்பட்ட அன்று எங்கள் வீட்டில் நடந்தது’ என்பது யாருக்கும் பொருள் தரும். வெளியிட்ட பின், சேனல் நடத்துபவருக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் பார்வையாளர் எந்த வினாடியில் விலகினார் என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். ஒலியை மட்டும் வெளியிட்டு வந்த காலத்தில் கிடைத்த பதிவிறக்க எண்ணிக்கை இந்த உண்மையை உங்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தது.

உங்கள் நிகழ்ச்சிக்கு இன்னொரு நல்வாய்ப்பும் இருக்கிறது. சுரங்கத்தில் பயன்படுத்திய விளக்கு, தாத்தாவின் அடையாள அட்டை, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளின் பழைய புகைப்படம் என்று காட்டுவதற்கு உங்களிடம் பொருள்கள் இருக்கின்றன. இரண்டு முகங்கள் பேசிக்கொண்டிருப்பதை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கும், ஒரு முதியவர் தம் விளக்கைக் கையில் ஏந்தி அது எரிந்த விதத்தை விவரிப்பதைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எல்லா அத்தியாயங்களையும் படமாக்க வேண்டியதில்லை. இத்தகைய அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள்.

முகத்தைக் காட்டாமல், அட்டைப்படத்தை மட்டும் வைத்து ஒலியை யூடியூபில் ஏற்றலாமா? (ஒயிட்ஃபீல்டு)

ஏற்றலாம். உங்கள் அத்தியாயங்களை ஒலிச் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற இணையப் பட்டியலின் முகவரியைக் கொடுத்தால் யூடியூபே அட்டைப்படத்துடன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் காணொளியாக மாற்றிக்கொள்ளும். பழைய அத்தியாயங்களைச் சேமித்து வைக்க அது நல்ல வழி. ஆனால் அசையாத படம் புதியவரை நிறுத்தி வைப்பது அரிது என்பதால், வளர்ச்சிக்காக அதை நம்ப வேண்டாம்.

செலவு குறைவாகத் தொடங்க என்ன வாங்க வேண்டும்? கைப்பேசியில் எடுத்துப் பார்த்தோம். படம் மினுக்குகிறது, பேச்சும் உதட்டசைவும் போகப்போகப் பொருந்தாமல் போகின்றன. (ஜெயநகர்)

மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்படும் முன் இதைப் படித்துவிடுங்கள்; இந்த இரண்டு குறைகளுக்கும் புதிய கேமரா மருந்தல்ல.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும், நம் கண்ணுக்குத் தெரியாமல், வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கைப்பேசி தானாகத் தேர்ந்தெடுக்கும் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம்) இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாதபோது படம் மினுக்குகிறது. ஷட்டரை நாமே அமைக்க உதவும் கேமரா செயலி ஒன்றில் அதை 1/50 வினாடி என்று வைத்து, வினாடிக்கு 25 பிரேம்களாக, அதாவது 25 தனிப்படங்களாகப் பதிவுசெய்யுங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே விருந்தினரை உட்காரவைத்து மின்விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

உதட்டசைவு விலகுவதற்குக் காரணம் வேறு. கைப்பேசிகள் பல, பிரேம் எண்ணிக்கையை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. தனிக் கருவியில் பதிவான ஒலியோ சீராக ஓடுகிறது. முதல் நிமிடத்தில் தெரியாத விலகல் நாற்பதாவது நிமிடத்தில் கண்ணை உறுத்தும். எடிட்டிங் தொடங்கும் முன் காணொளியை நிலையான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். அந்த இரண்டு தட்டல்களும் பொருந்தினால் இடையில் உள்ளவையும் பெரும்பாலும் பொருந்தும். என் தொடக்க காலத்தில் ஒரு மூத்த கலைஞருடனான உரையாடலை இந்தக் கைதட்டல் இல்லாமல் பதிவுசெய்துவிட்டு, மூன்று இரவுகள் அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் பணம் இருந்தால் முதலில் மைக்கிற்குச் செலவிடுங்கள். மங்கலான படத்தை மன்னிக்கும் பார்வையாளர், எதிரொலிக்கும் குரலை மன்னிக்கமாட்டார்.

கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் தமிழ்ப் பெண்களிடம் பேசி வெளியிடுகிறோம். கேமராவைக் கண்டதும் அவர்கள் பேச்சே மாறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

கேமராவை எடுத்து வைத்துவிடுங்கள் என்பதே என் பதில். தம் கடன், கணவரின் குடி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் குரலாக மட்டும் பகிர்வதற்கும், முகத்தோடு பகிர்வதற்கும் அவர்கள் வாழ்வில் ஏற்படும் விளைவுகள் ஒன்றல்ல. மறுநாள் அதே சந்தையில், அதே மொத்த வியாபாரியிடம் அவர்கள் கடனுக்குப் பூ வாங்கியாக வேண்டும். ஒலிப்பதிவுக்குக் கொடுத்த சம்மதம் காணொளிக்கும் கொடுத்த சம்மதம் ஆகாது. அதைத் தனியாக, பதிவு முடிந்த பிறகு இன்னொரு முறையும் கேளுங்கள். அவர்கள் பேச்சில் ஒரு பகுதி அரை நிமிட ரீல்ஸாக வெட்டப்பட்டு எங்கெங்கோ சுற்றக்கூடும் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். காட்சி தேவையென்று கருதினால் பூத்தொடுக்கும் கைகளையும், அதிகாலைச் சந்தையையும் காட்டலாமே! அந்தக் கைகளின் வேகமே ஒருவரை நின்று பார்க்கவைக்கும்.

யூடியூபின் குறுங்காணொளிகளான ஷார்ட்ஸ் துண்டுகளில் பத்து வினாடி திரைப்பாடல் சேர்த்தால் பதிப்புரிமைச் சிக்கல் வராது என்கிறார்களே? (அல்சூர்)

அப்படி ஒரு வினாடிக் கணக்கு நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. பாடலே வேண்டாம்; பேச்சின் வலுவான பகுதியே போதும். ஷார்ட்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஓடையில் கிடைக்கும் பார்வை நேரம், யூடியூப் விளம்பர வருவாய்க்குத் தேவையான 4000 மணி நேரப் பார்வைக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காணொளி நன்றாகப் போகிறது. ஒலி வடிவத்தை நிறுத்திவிடலாமா? (பானஸ்வாடி)

வேண்டாம். கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு வேலைக்கு வருபவரையும், வெளிவட்டச் சாலை நெரிசலில் வண்டி ஓட்டுபவரையும் எண்ணிப்பாருங்கள். கட்டணமில்லாத யூடியூபில் திரையை அணைத்தால் இங்கே பேச்சு நின்றுவிடும். ஒலிச் செயலியில் முன்கூட்டியே பதிவிறக்கிய அத்தியாயமோ, சிக்னல் இல்லாத இடத்திலும் பையில் இருந்தபடியே ஒலிக்கும். தவிர, ஆர்எஸ்எஸ் ஃபீட் உங்கள் சொத்து. பாட்காஸ்ட்டைச் சேமித்து வெளியிடும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் நேயர்கள் உங்களோடு வருவார்கள். ஒரு சேனல் முடக்கப்பட்டால் அந்தச் சந்தாதாரர்களை எங்கும் எடுத்துச்செல்ல முடியாது.

ஆனால் இரண்டு வடிவங்களுக்கும் ஒரே பதிவைப் பயன்படுத்துவதால், பேசும் முறையில் கவனம் வேண்டும். விருந்தினர் ஒரு புகைப்படத்தை உயர்த்தி ‘இதோ பாருங்கள்’ என்று சொன்னால், அதில் யார் நிற்கிறார்கள், பின்னணியில் என்ன இருக்கிறது, படம் எந்த ஆண்டு எடுத்தது என்று அங்கேயே கேட்டு அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.