அந்த அம்மா எங்கே போனார்?

கேள்வி: ஏழைப் பெண்ணைப் பணக்கார வீட்டுப் பிள்ளை காதலித்துக் கைப்பிடிக்கும் நாவல்களை ‘அரைத்த மாவு’ என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். எனக்கு அந்தக் கதைகள்தான் ஆறுதல். காதல் அந்தஸ்து பார்க்காது என்று சொல்வதில் என்ன தப்பு?
- பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்

பதில்: பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வருகிற உங்களிடம் இதைப் படி, அதைப் படிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்தச் சொல் உங்களைக் குத்தியிருந்தால் மன்னியுங்கள். என் கோபமெல்லாம், உங்கள் கதை என்று சொல்லிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் மேல்தான்.

போன மாதம் பிரசுரத்துக்கு ஒரு நாவல் வந்தது. நாயகிக்கு உங்கள் ஊர், உங்கள் தொழில். முதல் அத்தியாயத்திலேயே டவுன் பஸ்ஸில் சில்லறை போதாமல் கண் கலங்குகிறாள். முதலாளி மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். காதல் பிறக்கிறது. கதை நடப்பது 2024-ல். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனது 2021 மே மாதம். இன்றைக்கு அவளைத் தூங்கவிடாமல் அடிப்பது குழு லோன் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் இருக்கிற மற்றவர்கள் தலையில் அது விழும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வருவதற்குள் யாரிடம் கைமாற்று வாங்குவது என்கிற கவலை உங்களுக்குத் தெரியும். நாவலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பதினெட்டாம் அத்தியாயத்தில் கல்யாணம். அதுவரை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்த நாயகியின் அம்மா, தாலி கட்டியதும் கதையை விட்டே போய்விடுகிறார். சம்பந்தி வீட்டு சோபாவில் அவர் உட்கார்ந்தாரா, உட்காரச் சொன்னார்களா, மகள் அவர் கையில் பணம் கொடுத்தால் அது யார் பணம்? அந்தஸ்து தாண்டிய காதலின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் அங்கே ‘சுபம்’ போட்டுவிட்டார்.

அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ (2018) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மரியான் வசதியான வீட்டுப் பெண். அவளோடு பள்ளியில் படிக்கிற காதலன் கானல். அவன் அம்மா லொரெய்ன் அந்த வீட்டில் துப்புரவு வேலை செய்கிறவர். அம்மாவைக் கூட்டிப்போகக் கானல் வருகிறான். லொரெய்ன் ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மரியான் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து ஜாடியிலிருந்து சாக்லேட்டை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிறாள். அந்தக் கையுறையும் இந்த ஸ்பூனும் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பிறகு இருவரும் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போகிறார்கள். கோடை விடுமுறையில் கானலுக்கு ஓட்டல் வேலை குறைகிறது, வாடகை கொடுக்க வழியில்லை. ‘உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா’ என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அவனுக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறான், அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள், பிரிகிறார்கள். வில்லன் இல்லை, மாமியார் சூழ்ச்சி இல்லை. கேட்க முடியாத ஒரு கேள்வி இரண்டு பேரைப் பிரித்துவிடுகிறது. பின்னால் இருவருக்கும் ஒரே உதவித்தொகை கிடைக்கிறது. அவளுக்கு அது கௌரவம். அவனுக்கு வாடகையும் தினம் ஒருவேளைச் சாப்பாடும்.

லொரெய்ன் நடுவில் காணாமல் போவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூட நடனத்துக்கு மரியானை விட்டுவிட்டு வேறொரு பெண்ணை மகன் அழைத்தான் என்று தெரிந்ததும், வெட்கமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவன் காரிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார். பணக்காரப் பெண்ணுக்காக நியாயம் கேட்பது அவள் வீட்டைத் துடைக்கிற அம்மா.

நம் நாவல்களில் இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. நாயகி எவ்வளவு ஏழையாக இருந்தாலும் ‘நல்ல குடும்பத்துப் பெண்’. அந்த இரண்டு சொல்லுக்குள் சாதியை ஒளித்து வைக்கிறார்கள். கடைசியில் அவள் தொலைந்துபோன அத்தையின் மகள் என்று தெரியவருகிற கதைகளை நான் எண்ணி மாளவில்லை. அத்தை மகளைக் கட்டுகிறவன் எந்த எல்லையைத் தாண்டினான்? பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யில் (2013) குமரேசன் சரோஜாவைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்ததும், என்ன சாதி என்றுதான் அவளைத் துருவுகிறார்கள். நம் ஊர் கேட்கிற கேள்வி அதுதான். நம் காதல் நாவல்கள் அதை ஏன் கேட்காதது போல் இருக்கின்றன?

நீங்கள் ஆறுதல் தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் அம்மாவை வாசலிலேயே விட்டுவிட்டு உங்களை மட்டும் உள்ளே அழைக்கிற கதையை ஆறுதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நாவலைத் திருப்பி அனுப்பியபோது, ‘பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்த அம்மா எங்கே சாப்பிட்டார்?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். எழுதியவர் போன வாரம் போன் செய்தார். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறாராம்.