வெட்டி வைத்த துணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். போன வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொரோனா காலத்தில் ஊரடங்கைத் தளர்த்துவதில் நாம் அவசரப்பட்டோம், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டாம் அலையில் அத்தனை பேரை இழந்திருக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. ஆறட்டும் என்று நாலு நாள் விட்டு எழுதுகிறேன், ஆறவில்லை.

என் வீடு ரெட்டிச்சாவடி பக்கம், கடை கன்னியகோவிலில். அதாவது வீடு தமிழ்நாடு, கடை பாண்டிச்சேரி, நடுவில் முள்ளோடை செக்போஸ்ட். பைக்கில் பத்து நிமிஷம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பதுதான் தொழில். இரண்டு மெஷின், நானும் என் வீட்டுக்காரியும், சீசனுக்கு மட்டும் ஒரு பையன். 2020 மார்ச் முதல் வாரமே ஒரு பள்ளிக்கூடத்தின் அடுத்த வருஷத் துணி வந்துவிட்டது. அளவெடுத்து, வெட்டி, பிள்ளைகளின் பெயர் எழுதிப் பொட்டலமாகக் கட்டி அடுக்கியிருந்தேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். என் கடையை நான் திறக்க இ-பாஸ் கேட்டார்கள். 2020 ஜூனும் போச்சு, 2021 ஜூனும் போச்சு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நான் வெட்டி வைத்த துணி அப்படியேதான் இருந்தது. ஒரு மெஷினை விற்றேன்.

பொறுத்திருக்கலாம் என்கிறீர்கள். யார் பொறுப்பது? உங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் ஏறியிருக்கும். 2020 மே 4-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் 122 பேர் என்று டிவியில் ஓடி ஊரே நடுங்கியது. அடுத்த வருஷம் அதைவிடப் பல மடங்கு வந்தது. அப்படியென்றால் முதல் வருஷம் எங்களை அடைத்து வைத்து என்ன கிடைத்தது? வர வேண்டியது வந்துதானே தீர்ந்தது? அந்த மே மாதமே மொத்தமாகத் திறந்து விட்டிருந்தால் பிழைப்பாவது மிஞ்சியிருக்கும். பதில் எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சம்பள விஷயம். ஆமாம், எனக்கு வந்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அகவிலைப்படியை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று நாங்கள் வாட்ஸப் குழுவில் புலம்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் நீங்கள் மெஷினை விற்றிருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து 'பொறுத்திருக்க வேண்டும்' என்று எழுத எனக்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுரையில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஆனால் 'மே மாதமே மொத்தமாக' என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த 122-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 527 பேர். கடலூருக்கு எப்படி இத்தனை? பெரும்பாலும் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள். மூட்டை தூக்கவும் காய்கறி இறக்கவும் நம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள். கொஞ்சம் பின்னால் போவோம். 2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வருகிறது: சென்னை, கோவை, மதுரையில் 26-ஆம் தேதியிலிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு, காய்கறிக் கடைகூடக் கிடையாது. நடுவில் இருந்தது 25-ஆம் தேதி என்கிற ஒரே ஒரு பகல். அன்றைக்குக் கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், கல்யாணத்துக்கு வாங்குகிற மாதிரி வாங்கினார்கள். தொற்று அந்த ஒரு நாளில்தான் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெருப்பு இருந்த இடத்தில் விசிறிவிட்டது அந்தக் கூட்டம். சந்தையை மொத்தமாக மூடியது மே 5-ஆம் தேதிதான், ஆனால் அதற்கு முன்னாலேயே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். வேலை போனவன் ஊருக்கு வராமல் எங்கே போவான்? கிடைத்த லாரியில் ஏறி வந்தார்கள். வந்தவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்கவைத்துச் சோதித்தார்கள், அதனால்தான் எண்ணிக்கை ஒரே நாளில் அப்படித் துள்ளியது. தேடியதால் கிடைத்த எண் அது. ஊர் என்னவோ மூட்டை தூக்கியவனைத்தான் திட்டியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே நாளில் மூடியதால் ஆன கேடு இது. அதற்கு முன்னால் மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவில் நாட்டையே மூடினார்கள், நாலு மணி நேரம். இப்படி மூடியது தப்பு என்றால் அதே மாதிரி ஒரே நாளில் திறப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? மக்கள் கூடுவது இரண்டுக்கும் ஒன்றுதான்.

'வர வேண்டியது வந்துதானே தீர்ந்தது' என்ற உங்கள் கேள்விதான் கடிதத்திலேயே கனமானது. வந்தது, சரி. எப்போது வந்தது என்பதில் ஒரு மனுஷனின் உயிர் இருந்தது. 2020 ஏப்ரலில் மூச்சுத் திணறி வந்தவருக்கு என்ன கொடுப்பது என்று டாக்டர்களுக்கே தெளிவில்லை. ஜூன் 16 அன்று இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவைச் சொன்னார்கள்: டெக்ஸாமெத்தசோன் என்கிற பழைய, மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. தடுப்பூசி நம் நாட்டில் போட ஆரம்பித்தது 2021 ஜனவரி 16. மே மாதம் மொத்தமாகத் திறந்து, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்திருந்தால் இது எதுவும் இல்லாத காலத்தில் வந்திருக்கும். அடைத்து வைத்து என்ன கிடைத்தது என்றால், நாள் கிடைத்தது. அந்த நாளுக்கான விலையை உங்கள் கடையிலிருந்து எடுத்தார்கள், என் சம்பளத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த அநியாயத்தை நான் மறுக்கவே இல்லை.

இந்தச் சண்டை நம் ஊர் டீக்கடையில் மட்டும் நடக்கவில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்காவில் கிரேட் பேரிங்டன் பிரகடனம் என்று ஒன்றை மூன்று பேராசிரியர்கள் வெளியிட்டார்கள். வயதானவர்களையும் நோயாளிகளையும் தனியாகப் பாதுகாத்து மற்றவர்களை வழக்கம்போல் இருக்க விடுங்கள் என்பது அதன் சாரம், கிட்டத்தட்ட உங்கள் கட்சி. பத்து நாளில் வேறு ஆராய்ச்சியாளர்கள், காலராவை ஆராய்ந்த அந்தக் காலத்து டாக்டர் ஜான் ஸ்நோ பெயரில் மறுப்பு எழுதினார்கள். எனக்கு அதில் இருந்த சந்தேகம் ரொம்பச் சின்னது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குள் பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறார்கள், அதில் பாட்டியை மட்டும் எங்கே தனியாக வைப்பது?

சரி, இப்போது நான் தோற்கும் இடத்துக்கு வருகிறேன். வேகமாகவா மெதுவாகவா என்றே நாம் எல்லோரும் அடித்துக்கொண்டோம், எதை முதலில் திறப்பது என்று கேட்டவர்கள் குறைவு. தேதிகளைப் பாருங்கள். டாஸ்மாக் 2020 மே 7 அன்று திறந்தது (மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றத் தடை வாங்கி 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள்). டீக்கடையில் பார்சல் வாங்க அனுமதித்தது மே 11. டீக்கு முன்னால் பிராந்தி! உங்கள் கடை இருக்கிற பாண்டிச்சேரியில் மதுக்கடை திறப்பு மே 25 வரை இழுத்தது, காரணம் நோய் இல்லை. தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக வரி போடுவதா இல்லையா என்று அப்போதைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த இழுபறி. 2021-இலும் அங்கே ஜூன் 8, இங்கே ஜூன் 14. நடுவில் அந்த ஆறு நாள் நம்மூர் ஆட்கள் முள்ளோடைப் பக்கம் எத்தனை கஷ்டப்பட்டார்கள் என்பதைத் தனியாகவே எழுதலாம், உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் தியேட்டர் 2020 நவம்பர் 10. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் 2021 ஜனவரி 19. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1. வரிசையில் கடைசி ஆள் அந்தப் பிள்ளைதான், அதற்குத் துணி தைக்கும் நீங்கள் அதற்கும் பின்னால்.

அதில் என் கையும் இருக்கிறது. 2020 நவம்பர் 9 அன்று, பள்ளி திறக்கலாமா என்று பெற்றோரிடம் பள்ளிகளில் கருத்துக் கேட்டார்கள், நினைவிருக்கிறதா? ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 16-ஆம் தேதி திறப்பதாக இருந்தது. என் மகள் அப்போது பத்தாவது. நானும் போயிருந்தேன். பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப்போல மாதச் சம்பளக்காரர்கள், வீட்டில் தனி போன், தனி அறை. எல்லோரும் 'இப்போது வேண்டாம் சார், ரிஸ்க்' என்றோம். முதுநகரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மீன் விற்பவர், எழுந்து நின்றார். 'ஸ்கூலைத் தொறந்துடுங்க சார். எம் புள்ள போட்டுல போறான். காசு பாத்துட்டான்னா இனிமே வர மாட்டான்' என்றார். அந்த வருஷம் மீன்பிடித் தடையைக் குறைத்து ஜூன் 1-ஆம் தேதியே கடலுக்குப் போகவிட்டார்கள், பள்ளிக்கூடம் இல்லாத பையன்கள் கூடவே போய்விட்டார்கள். அந்த அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் 'வேண்டாம்' பக்கம் கை தூக்கினேன். மூன்று நாளில் திறப்பைத் தள்ளிவைத்தார்கள். நான் பொறுமை என்று நினைத்தது என் வீட்டுக்கு வசதியானது, அவ்வளவுதான். அந்தப் பையன் ஜனவரியில் வந்தானா என்று மகளிடம் கேட்டேன். வரவில்லை.

ஆக, பள்ளிக்கூட விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். அது முன்னாலேயே திறந்திருக்க வேண்டும், பாதி நாள், பாதிப் பிள்ளைகள் என்றாவது.

மற்றதில் நான் சொன்ன நிதானம் என்ன என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பருத்தித் துணி வந்தால் நீங்கள் உடனே வெட்ட மாட்டீர்கள். நனைத்து, காயப்போட்டு, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்திரி வைப்பீர்கள். ஈரமாக இருக்கும்போது சுருக்கம் தெரியாது. இந்த நோயும் அப்படித்தான். அப்போது ஒட்டினவருக்குக் காய்ச்சல் வர சராசரி ஐந்து நாள் ஆனது, சிலருக்குப் பதினாலு நாள் வரை. அவர் சோதனைக்குப் போய், முடிவு வந்து, கணக்கில் ஏற இன்னும் சில நாள். ஆஸ்பத்திரி நிரம்புவது அதற்கும் பிறகு. இன்று ஒன்றைத் திறந்தால் அதன் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், சோதனை செய்கிறவர்களில் தொற்று உள்ளவர்கள் தொடர்ந்து 14 நாள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னது. ஒன்றைத் திற, இரண்டு வாரம் பார், அப்புறம் அடுத்தது. நான் கேட்டது இந்தக் காயப்போடுகிற நேரத்தைத்தான்.

2021 தொடக்கத்தில் அந்த நேரத்தை யாரும் கொடுக்கவில்லை என்பதில் மட்டும் என் எழுத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஜனவரியில் தியேட்டரில் நூறு சதவீதம் உட்காரலாம் என்று ஆணை போட்டு, மத்திய அரசு ஆட்சேபித்ததும் வாபஸ் வாங்கினார்கள். மார்ச்சில் தேர்தல் கூட்டங்கள், இங்கேயும் பாண்டிச்சேரியிலும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் ஓட்டு. எந்தக் கட்சி மேடையிலும் மாஸ்க் மூக்குக்கு மேல் இல்லை. உருமாறிய வைரஸ் வந்தது, அதற்கு நம் அலட்சியம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் வந்ததற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மே 10-இல் மறுபடி முழு ஊரடங்கு. என் அத்தான் அந்த மாதம்தான் போனார். ஒரு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே நாலு மணி நேரம், உள்ளே படுக்கை காலியாகும் வரை. நீங்கள் கோபத்தில் எழுதினேன் என்கிறீர்கள், நான் அந்தக் கட்டுரையை எழுதியதும் அப்படித்தான்.

இன்னொன்று. உங்கள் செக்போஸ்ட் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு அரசாங்கம், இரண்டு தேதி, இரண்டு பாஸ், நடுவில் பத்து நிமிஷப் பாதை. நோய்க்கு முள்ளோடை எங்கே என்று தெரியாது, போலீசுக்குத் தெரியும். கடலூருக்கும் உங்கள் கடை இருக்கிற பாகூர் கொம்யூனுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுத்திருக்கலாம், வேலைக்கும் வைத்தியத்துக்கும் தினம் போய்வருகிறவர்களுக்கு நிரந்தரமாக ஓர் அட்டை கொடுத்திருக்கலாம். இதைப் பற்றி நீங்களே விரிவாக எழுதி அனுப்பினால் இங்கே போடுகிறேன், பெயர் இல்லாமல்.

அப்புறம், பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தேன் என்றீர்களே, அந்தப் பொட்டலங்களை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. துணிக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வந்து கேட்டார்களா? 2021 ஜனவரியில் என் மகளின் பழைய யூனிஃபார்மை எடுத்துப் பார்த்தால் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறார்கள், பிரித்துவிட்டால் போதும் என்று அங்கேயே பிரித்துக் கொடுத்தார். வெளுக்காத அந்த இரண்டு அங்குலம் மட்டும் புதுத் துணி நிறத்தில் இருந்தது. பரீட்சையையும் ரத்து செய்துவிட்டார்கள், மகள் அதை அதிகம் போடவில்லை.