கடத்தல் துப்பாக்கி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், துப்பாக்கியில் பொறித்த எண் அழியாமல் இருந்தால். 2005-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தடமறியும் ஏற்பாட்டின்படி, தயாரிக்கும்போதே நாடும் வரிசை எண்ணும் துப்பாக்கியில் பொறிக்கப்பட வேண்டும். கடத்துகிறவன் அதை அரத்தால் ராவிவிடுவான். ஆனால் அச்சு அழுத்திய இடத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கியிருக்கும். தடயவியல் கூடத்தில் வழவழவென்றிருக்கும் அந்த இடத்தில் அமிலம் தடவினால் சில நேரம் எண் மங்கலாக மேலெழும்.

பிறகு தயாரித்த நாட்டைக் கேட்க வேண்டும். சிக்கலே அங்கேதான். உற்பத்திப் பதிவேட்டை முடிந்தால் காலவரையின்றி, குறைந்தது 30 ஆண்டாவது வைத்திருக்கச் சொல்கிறார்கள். கலாஷ்னிகோவ் (ஏ.கே. 47 வகை) துப்பாக்கியோ அதற்குப் பிறகும் சுடும். ஏற்பாடு சட்டக் கட்டாயமும் அல்ல. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பதில் மறுக்கலாம். தோட்டா இதில் சேரவே இல்லை. அதற்கு உலகளாவிய தனி ஏற்பாடு வர 2023 வரை ஆனது.