கியர் இல்லாத பழைய சைக்கிள் உடைந்துவிட்டது. எட்டாயிரத்துக்குள் மாற்று வண்டி எது வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: பதினைந்து வருடம் ஓட்டிய சிங்கிள் ஸ்பீடு சைக்கிளின் ஃபிரேம் விரிசல் விட்டுவிட்டது. ஊர் திருவாரூர் பக்கம். தினமும் போகவர 12 கிலோமீட்டர். கையில் 8,000 ரூபாய். கடைக்காரர் கியர் வண்டி வாங்கச் சொல்கிறார். எந்தக் கம்பெனி நல்லது என்றும் கேட்கிறீர்கள்.

கியர் வேண்டாம். கடைக்குப் போனதும் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் பார்க்காமல், குனிந்து டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அந்த அளவு டயர் உங்கள் ஊர் பஞ்சர் கடையில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை அடித்துச் சொல்லக் காரணம், நான் ஒருமுறை தப்பாக வாங்கிக் காசைக் கரைத்தவன்.

எனக்கு வலங்கைமான் பக்கம். அப்பா வாங்கிய 28 இன்ச் பார் வண்டியைத்தான் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்குக் குழாய் உள்ள பழைய வகை) நானும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். பெடல் தண்டை அச்சோடு பூட்டும் காட்டர் பின் லூஸாக இருக்கும் என்று நானே புதுப் பின் போட்டேன், சத்தம் போகவில்லை. எங்கள் சைக்கிள் கடை அண்ணன் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, பெடல் அச்சு உட்காரும் குழாயைச் சுற்றித் துடைத்தார். அழுக்கு போனதும் பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, ஓரமெல்லாம் துரு. கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே இழுத்தார். நகம் மாட்டியது, அதாவது ஃபிரேமிலேயே விரிசல்.

"பத்த வச்சித் தரேன் தம்பி, ஓடும். ஆனா இது நான் ஏற்கனவே ஒருவாட்டி பத்த வச்ச எடம். மறுபடி வச்சா பக்கத்துல விடும், அப்ப நீங்க ஆத்துப் பாலத்துல இருப்பீங்க."

சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று டவுனில் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே 9,200 ரூபாய்க்குத் தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வைத்த வண்டி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். அதுவும் கியர் இல்லாததுதான். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு ஒற்றைக்கால். ஐப்பசி மழையில் அலுவலகம் போய்ச் சேர்ந்தால் முதுகில் பட்டை போட்டதுபோல் சேறு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின் டயர் கிழிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. 26×2.40 டயர் வலங்கைமானில் இல்லை, குடவாசலில் இல்லை, கும்பகோணத்தில் வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள். எட்டு நாள் வண்டி திண்ணையில் நின்றது, நான் மினி பஸ்ஸில் தொங்கினேன். அடுத்து டிஸ்க் பேட் தேய்ந்தது. அதே கதை. பத்து மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இனி அந்த எண்கள். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, கடைக்காரர்களே சிலசமயம் தடுமாறுவார்கள். 26×1⅜ என்றும் டயர் உண்டு, 26×1.75 என்றும் உண்டு. இரண்டும் 26 இன்ச் தானே என்று வாங்கினால் ஒன்று மற்றதன் ரிம்மில் உட்காராது. முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 559. பெரும்பாலான டயர்களில் இந்த மில்லிமீட்டர் கணக்கும் சின்ன எழுத்தில் இருக்கும்: 37-590, 47-559 என்று. முன்னது டயரின் அகலம், பின்னது ரிம். பழைய பார் வண்டியின் 28×1½ டயரில் 40-635 என்று போட்டிருக்கும். இன்னொரு வேடிக்கை: இப்போது '29 இன்ச்' என்று பெருமையாக விற்கும் வண்டிகளின் ரிம் 622 தான். தாத்தா ஓட்டிய 28 இன்ச் ரிம்மைவிடச் சின்னது. டயர் குண்டாக இருப்பதால் மொத்த உயரத்தில் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் எந்தக் குக்கிராமத்துப் பஞ்சர் கடையிலும் 28×1½ தொங்கும். 26×1⅜ பெரும்பாலும் கிடைக்கும். 26×1.75, 1.95 இரண்டும் டவுனில் கிடைக்கும், ஒரே ரிம் என்பதால் ஒன்றுக்கு மற்றது ஏறும். 27.5 இன்ச், 29 இன்ச் எல்லாம் பெரிய கடைகளில்தான். உங்கள் ஊர் நிலவரம் வேறாக இருக்கலாம், போய் எட்டிப் பாருங்கள். வால்வும் அப்படித்தான். வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வகைக்கு ரப்பர் போனால் சில்லறைக் காசு, கிராமத்துப் பழைய பம்பிலேயே காற்று அடிக்கலாம். பைக்கில் இருப்பது போன்ற வால்வு என்றால் காற்று நன்றாக நிற்கும், பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம், ஆனால் கிராமத்துப் பழைய பம்ப் பொருந்தாது.

கியர் ஏன் வேண்டாம் என்றேன்? டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அதற்காக ஆறு ஏழு பல்சக்கரத்தையும் கம்பியையும் வருடம் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. அறுவடை நாட்களில் ரோட்டில் கிடக்கும் வைக்கோல், பின்னால் தொங்கும் கியர் கருவிக்குள் சுற்றிக்கொள்ளும். வண்டி ஒருமுறை அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் அது வளைந்து, செயின் தாவ ஆரம்பிக்கும். சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதும் ஒரு கேள்வி. தவிர, இந்த வகைக் கியர் வண்டியில் முழு செயின் கவர் போட முடியாது. வேட்டி கட்டுகிறவர்களுக்கும் சேலை கட்டுகிறவர்களுக்கும் அது பெரிய விஷயம்.

நம் ஊரில் உண்மையான மேடு ஆடிக்காற்றுதான். மேற்கே பார்த்துப் போகிறவனை அது தரையோடு அமுக்கும். உங்கள் 12 கிலோமீட்டரில் காலையில் மேற்கா, மாலையில் மேற்கா என்று பாருங்கள். அதற்கும் கியர் இல்லாமலே ஒரு மலிவான வழி உண்டு. பழைய வகை வண்டிகளில் முன்னால் பெடலோடு சுற்றும் செயின் வீலுக்கு 44 பல், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கு 18 பல் என்பது பொதுவான அமைப்பு. ஒரு முறை முழுசாக மிதித்தால் சக்கரம் 2.44 சுற்று சுற்றும், 28 இன்ச் சக்கரத்தில் சுமார் 5.4 மீட்டர் போவீர்கள். நிமிடத்துக்கு அறுபது மிதி என்றால் மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். காற்று இல்லாத நாளில் ஜோர். எதிர்க்காற்றில் முழங்கால் கேட்காது. அந்த 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போடச் சொல்லுங்கள். ஒரு மிதிக்குச் சுமார் 4.9 மீட்டர், அதே அறுபது மிதிக்கு மணிக்குச் சுமார் 17.5 கிலோமீட்டர். வேகம் இரண்டு குறையும், கால் லேசாகும். செயினில் ஒரு கண்ணி சேர்க்கவேண்டி வரலாம். நான் ஐம்பதைத் தொடப்போகும்போது இதைச் செய்தேன், பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

பிரேக் விஷயத்தில் உங்கள் ஊரைப் பொறுத்து யோசிக்க வேண்டும். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் ராட் பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்பக்கமாக, கீழிருந்து மேலே அழுத்துகிறது. அதனால் போக்ஸ் கம்பி ஒன்று போய்ச் சக்கரம் கொஞ்சம் கோட்டமானாலும் கட்டை உரசாது, வீடு வந்து சேரலாம். கம்பியும் எளிதில் அறாது. ஆனால் அதற்கு இரும்பு ரிம்தான். மழையில் நனைந்த குரோமிய ரிம்மில் பிரேக் பிடித்தால், பிடித்த மாதிரியும் இருக்கும், பிடிக்காத மாதிரியும் இருக்கும். நாலு வண்டி தூரம் முன்னாலேயே பிடித்துப் பழக வேண்டும். அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் மழைக்கு நல்லது, துருவும் பிடிக்காது. திருவாரூரில் இருந்து கடலை நோக்கிப் போகப்போக, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம், உப்புக்காற்றில் இரும்பு ரிம் சீக்கிரம் அரித்துவிடும். நீங்கள் கடல் பக்கம் என்றால் அலுமினிய ரிம்மே சரி. டிஸ்க் மழையிலும் நன்றாகப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. என் பேட் கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

முன்னால் சஸ்பென்ஷன் இந்த விலையில் வெறும் எடை. டயரில் காற்றை அளவாக வைத்தால் அதைவிடச் சுகமாகப் போகும்.

உயரம் முக்கியம். பார் வண்டிகள் 22, 24 இன்ச் என்று ஃபிரேம் அளவு சொல்லி விற்பார்கள். பாருக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து, செருப்போடு நின்று பாருங்கள். இடையில் இரண்டு விரலாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்புறம் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. நம் ஆட்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

8,000 முழுவதையும் வண்டிக்கே கொடுக்காதீர்கள். 6,500க்குள் முடித்து, 1,500 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சாதாரண சைக்கிள் கடைக்குப் பாகம் பாகமாகத்தான் வருகிறது. கடையில் ஃபிட்டிங் செய்பவரின் அவசரம்தான் வண்டியின் தரம். நான் இரண்டாவதாக, 5,800 ரூபாய்க்கு, சாதாரண 28 இன்ச் பார் வண்டி வாங்கியதும் நேராக நம் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்தார். பால்ஸ்மேல் கிரீஸ் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, பால்ஸை அளவாக இறுக்கும் கோனைத் திருகி, சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினார். அது சத்தமில்லாமல் சுற்றி, கடைசியில் வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து, ஊஞ்சல்போல இரண்டு தடவை ஆடி நின்றது. "இப்பத்தான் வண்டி" என்றார். கழுத்து (ஹேண்டில்பார் திரும்பும் இடம்), பி.பி. (பெடல் அச்சு உட்காரும் இடம்) இரண்டையும் அப்படியே பிரித்துப் பூட்டினார். 150 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கோட்டம் எடுத்தார். புதுக் கம்பிகள் ஓடஓடத்தான் இறுகி உட்காரும். அன்றைக்குச் செய்த அந்த வேலையால்தான் இன்றுவரை அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பி போனதில்லை.

மிச்சக் காசில் நல்ல டியூப், ஒரு பூட்டு, முன்பின் விளக்கு. வரப்பு, வாய்க்கால் ஓரம் போகிறவர் என்றால் சீமைக் கருவேல முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டயர் தடிமனாகப் பார்த்துப் போடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தீர்கள். ஹீரோ, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஏவான், இந்த விலையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் சிலர் அட்லஸ்தான் வேண்டும் என்பார்கள். அதன் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினமாகப் பார்த்து, வேலையை நிறுத்திவிட்டது. பழைய அட்லஸ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், பார் வண்டிகளின் டயர், ஃப்ரீவீல், பி.பி. சாமான்கள் பெரும்பாலும் ஒரே அளவுதான். விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலை ஸ்டிக்கரைக் காட்டினால் கேளுங்கள். பில்லில் ஃபிரேம் நம்பரை எழுதி வாங்குங்கள், திருடு போனால் ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடைக்குப் போகுமுன் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை காலேஜுக்குப் போனபின் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் வீடு தெருவுக்கு நாலு இருக்கிறது. டயரும் டியூபும் மாற்றி, முழுசாகப் பிரித்துக் கிரீஸ் வைத்தால் இரண்டாயிரத்துக்குள் தினமும் ஓட்டும் வண்டி தயார். என் அக்கா வீட்டில் அப்படி ஒன்று கிடந்தது எனக்கு அந்த 9,200 போன அப்புறம்தான் தெரியும். எடுக்குமுன் குழாய்கள் சேரும் இடங்களில் மட்டும் அந்த நகச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பழைய வண்டியை எடைக்குப் போடும் எண்ணமிருந்தால், கேரியரையும் பெல்லையும் கழற்றிக்கொண்டு போடுங்கள். இப்போது வரும் கேரியர் கம்பி மெல்லிசு. அரை மூட்டை உளுந்து ஏற்றியதும் என் புது வண்டியினுடையது வளைந்துவிட்டது. அப்பா வண்டியின் கேரியரைத்தான் அதில் பூட்டியிருக்கிறேன். போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்தது, அண்ணன் ஒரு தகடு வைத்துச் சரிக்கட்டிக் கொடுத்தார்.