நூறு பேர் அவையில் அறுபது வாக்கு எதற்கு?

அமெரிக்க செனட் சபையின் நடைமுறை குறித்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கியது. அதிபர் பதவியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தும், ஒரு செலவின மசோதாவை அவர்களால் ஏன் நிறைவேற்ற முடியவில்லை?
– வாசகர், கும்பகோணம்

செனட்டின் 100 உறுப்பினர்களில் அக்கட்சிக்கு 53 பேர் இருந்தனர். மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அந்த வாக்கெடுப்புக்குப் போகும் முன், விவாதத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற தீர்மானத்துக்கு 60 பேர் இசைய வேண்டும். அது கிடைக்காதவரை விவாதம் முடிந்ததாகக் கொள்ளப்படாது, மசோதாவும் நகராது. சிறுபான்மைக் கட்சி போடும் இந்த முட்டுக்கட்டைக்குத்தான் ‘பிலிபஸ்டர்’ என்று பெயர். ஆண்டு இறுதியில் காலாவதியாக இருந்த மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று கோரிய ஜனநாயகக் கட்சியினர் அந்த அறுபதைத் தர மறுத்தார்கள். நவம்பர் 9 அன்று அவர்கள் அணியிலிருந்து எட்டுப் பேர் ஆதரித்தும், குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்தும் வாக்களித்தபோது முடிவு 60–40. வேண்டிய அளவுக்கு ஒன்றுகூட அதிகமில்லை. இடையில் இந்த விதியையே ஒழித்துவிடுங்கள் என்று அதிபர் டிரம்ப் வெளிப்படையாகக் கேட்டார். அவருடைய கட்சியின் செனட் தலைவர் ஜான் தூன் இசையவில்லை.

இந்த அறுபது வாக்கு விதி அமெரிக்க அரசியல் சாசனத்தில் இருக்கிறதா?
– வாசகி, மதுரை

இல்லை. உடன்படிக்கைகளை ஏற்பது, அதிபரின் மறுப்பாணையை மீறுவது, பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி எனத் தீர்ப்பது, சாசனத்தைத் திருத்துவது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே சாசனம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைக் கேட்கிறது. சாதாரணச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தச் சாசனத்துக்கு முன்பிருந்த மாநிலங்களின் கூட்டமைப்பில் முக்கிய முடிவுகளுக்கு 13 மாநிலங்களில் ஒன்பது சம்மதிக்க வேண்டியிருந்தது. அதனால் எதுவும் நடக்கவில்லை என்று நொந்துபோன பின்புதான் நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் போன்றோர் புதிய சாசனத்துக்காக வாதாடினார்கள்.

பிலிபஸ்டர் பிறந்தது ஏறத்தாழ ஒரு கவனக்குறைவால். துணை அதிபர் ஆரன் பர் 1805இல் விடைபெறும்போது விதிப்புத்தகத்தைச் சுருக்கச் சொன்னார். அதன்படி, விவாதத்தை நிறுத்த வழி செய்திருக்கக்கூடிய ஒரு விதி, அதிகம் பயன்படவில்லை என்ற காரணத்தால் 1806இல் நீக்கப்பட்டது. அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. 1917இல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவைச் சில உறுப்பினர்கள் பேசியே சாகடித்தபோது அதிபர் உட்ரோ வில்சன் கொதித்தெழ, மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி வந்தது. 1975இல் அது ஐந்தில் மூன்று பங்காக, அதாவது அறுபதாகக் குறைந்தது.

இந்த ஆயுதத்தை யார் அதிகம் பயன்படுத்தினார்கள் என்பதை இதன் ஆதரவாளர்கள் விரும்பிப் பேசுவதில்லை. கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் அதை முடக்கினார்கள். அப்படியொரு சட்டம் வர மேலும் நூறு ஆண்டுகள், 2022 வரை, ஆயின. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தையும் அவர்கள் மார்ச் இறுதியிலிருந்து இழுத்தடித்தனர். ஜூன் 10 அன்று 71–29 என்ற கணக்கில் விவாதம் முடிக்கப்பட்டது; குடிமை உரிமைகள் மசோதா ஒன்றில் அத்தகைய தீர்மானம் வென்றது அதுவே முதல் முறை. மூளைக்கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிள், சக்கர நாற்காலியில் அவைக்கு வந்து சைகையால் தம் ஆதரவைத் தெரிவித்தார்.

இப்போதும் மணிக்கணக்கில் நின்றுகொண்டே பேசுகிறார்களா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பெரும்பாலும் இல்லை. முடங்கிய மசோதாவை ஒருபுறம் வைத்துவிட்டு மற்ற அலுவல்களைத் தொடரும் வழக்கம் 1970களில் வந்தது முதல், தடுப்போம் என்று அறிவிப்பதே போதுமானதாகிவிட்டது. விவாதத்தைக் காக்கும் விதி என்று போற்றப்படுவது இன்று விவாதமே இல்லாமல் இயங்குகிறது. 2025 ஏப்ரல் 1 அன்று ஜனநாயகக் கட்சி செனட் உறுப்பினர் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி முடித்து, தென்மாநில உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் 1957இல் 24 மணி 18 நிமிடம் பேசிய சாதனையை முறியடித்தார். ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. தர்மண்ட் தடுக்க முயன்ற குடிமை உரிமைகள் மசோதாவோ அவர் பேசி முடித்த சில மணி நேரத்தில் நிறைவேறிவிட்டது.

அப்படியானால் 2025 ஜூலையில் டிரம்பின் மாபெரும் வரிச் சட்டம் மட்டும் எப்படித் தப்பியது?
– வாசகர், கோயம்புத்தூர்

1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பட்ஜெட் சமரச நடைமுறை வழியாக. இதில் விவாதத்துக்குக் கால வரம்பு உண்டு. ஆகவே சாதாரணப் பெரும்பான்மை போதும். வாக்குகள் 50–50 எனச் சமமாக, துணை அதிபர் வான்ஸ் தம் வாக்கால் முடிவு செய்தார். 2022இல் பைடன் அரசின் பருவநிலை, மருந்துவிலைச் சட்டமும் அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் இதே வழியில்தான் நிறைவேறியது. நிபந்தனை ஒன்றுண்டு: வரவு செலவோடு நேரடித் தொடர்பு இல்லாத பிரிவுகளை இதில் நுழைக்க முடியாது. எது நுழையலாம் என்று அவைக்கு ஆலோசனை கூறும் விதி வல்லுநர், 2021இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் பிரிவு தகாது என்றார், அது கைவிடப்பட்டது.

ஆகவே வரியைக் குறைக்க 50 பேரும் துணை அதிபரும் போதும். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க 60 பேர் வேண்டும். நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்ட சில மாதங்களில், 2013 ஏப்ரலில், அத்தகைய திருத்தம் 54 வாக்குகள் பெற்றும் தோற்றது.

இந்த விதி நல்லதா, கெட்டதா? ஒழிக்கப்படுமா?
– வாசகி, புதுச்சேரி

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் நாட்டில், ஒவ்வொரு வெற்றிக்கும் சட்டங்கள் தலைகீழாகாமல் இருக்கவும், இரு கட்சிகளும் பேசி முடிவெடுக்கவும் இது உதவுகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். தாளில் இது வலுவான வாதம்தான். நடந்தது வேறு. சிறுவயதில் அனுமதியின்றி அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் சட்டப்படி தங்க வழிசெய்யும் மசோதா 2010 டிசம்பரில் 55 வாக்குகள் பெற்றும் முடங்கியது. 2012இல் ஒபாமா அரசு நிர்வாக நடவடிக்கை மூலம் அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளித்தது. 2017இல் டிரம்ப் அரசு அதை ரத்து செய்ய முனைந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அந்த ரத்தைத் தடுத்தது. சட்டமன்ற வழி அடைபட்டதால் கொள்கை நிலைபெறவில்லை. ஆணைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே இன்னும் வேகமாக அலைக்கழிந்தது.

கொள்கைப் பிடிப்பை இதில் யாரிடமும் எதிர்பார்க்க வேண்டாம். 2017இல் இந்த விதியைக் காக்கும்படி 61 உறுப்பினர்கள் எழுதிய கடிதத்தில் கமலா ஹாரிஸும் கையெழுத்திட்டார். 2022 ஜனவரியில் வாக்குரிமைச் சட்டத்துக்காக இதைத் தளர்த்த அவருடைய கட்சி முயன்றது. அக்கட்சியின் செனட் உறுப்பினர்களான ஜோ மஞ்சினும் கிர்ஸ்டன் சினெமாவும் மறுத்ததால் முடியவில்லை. 2025இல் அதே கட்சிக்கு அதே விதிதான் கைகொடுத்தது.

ஒரே நாளில் ஒழிக்கப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாதாரணப் பெரும்பான்மையாலேயே அது முடியும் என்றாலும், நாளை சிறுபான்மையாக உட்கார வேண்டிவரும் என்ற அச்சம் இரு தரப்புக்கும் உண்டு. துண்டு துண்டாகத்தான் அரிக்கப்படும். 2013இல் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட் கீழ்நிலை நீதிபதிகள், அதிகாரிகள் நியமனங்களுக்கு இதை நீக்கினார். 2017இல் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மெக்கானல் உச்ச நீதிமன்றத்துக்கும் நீக்கினார். அப்படி வந்த மூன்று நீதிபதிகளும் 2022இல் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில் பங்கேற்றனர். 2025 செப்டம்பரில் நியமனங்களைக் கூட்டாக ஏற்கும்படி விதி மீண்டும் மாற்றப்பட்டு, 48 பேர் ஒரே வாக்கெடுப்பில் உறுதி செய்யப்பட்டார்கள். சட்டமியற்றலில் மட்டும்தான் அந்த அறுபது இன்னும் மிச்சமிருக்கிறது.