மாதம் 1,500 ரூபாய்: குழந்தை பாலிசியில் போடலாமா?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். வாடகை போக மாதம் 17,000 ரூபாய் கையில் நிற்கிறது. ஒன்றரை வயது மகளைப் பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். மிஞ்சும் 1,500 ரூபாயைக் குழந்தை பாலிசியில் போட்டால் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்கிறார் காப்பீட்டு முகவர். போடலாமா? - ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: வேண்டாம். ஆர்டர் குறைந்தால் கூலியும் குறையும் தொழிலில் இருக்கும் நீங்கள், தவறாமல் கட்டியே தீரவேண்டிய பிரீமியத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது. முதல் வருடத்திலேயே கட்ட முடியாமல் போனால் பெரும்பாலும் போட்டது போனதுதான். பிறகு நின்றாலும் ஒரு பகுதியே திரும்பும்.

அதைவிட முக்கியமான காரணம் மகளின் வயது. மூளை வேகமாக வளரும் காலம் இது. இரும்புச்சத்தும் புரதமும் இப்போது குறைந்தால், பதினெட்டு வயதில் கைக்கு வரும் தொகை அதை ஈடுசெய்யாது. ஆகவே 1,500-இல் 700 ரூபாயை அவளது தட்டுக்கு ஒதுக்குங்கள். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்தாலும் தினம் ஒன்றுக்கு மாதம் 210 ரூபாய்தான். மீதியில் பருப்பு, கீரை, பழம், பொடித்த வேர்க்கடலை வாங்கலாம். பல வீடுகளில் டீயில் பிஸ்கட் நனைத்து ஊட்டுகிறார்கள். தினம் பத்து ரூபாய் பாக்கெட் என்றால் மாதம் 300 ரூபாய். போதாக்குறைக்கு, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை டீ தடுக்கிறது. விளம்பரத்தில் வரும் ஊட்டச்சத்து பவுடரும் தேவையில்லை. கேழ்வரகு, கோதுமை, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த சத்துமாவை அங்கன்வாடியில் இலவசமாகவே தருகிறார்கள். பெயரைப் பதிந்து வாங்குங்கள். இரண்டு வயது நிறைந்ததும் அங்கேயே மதிய உணவும் முட்டையும் கிடைக்கும்.

470 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவோடு உங்களில் ஒருவரின் இரண்டு நாள் கூலியும் போகும். அந்த வாரத்தில்தான் கந்துவட்டி வீட்டுக்குள் நுழைகிறது.

80 ரூபாய் காப்பீட்டுக்கு. வங்கிக் கணக்கு வழியாக, ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் 20 ரூபாயில் சுரக்ஷா விபத்துக் காப்பீடும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 912 ரூபாய்தான். சம்பாதிப்பது நீங்கள் இருவரும் என்பதால், காப்பீடு குழந்தையின் பெயரில் இருப்பதைவிட உங்கள் பெயரில் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

மிச்சம் 250 ரூபாயைச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2024-25-இல் இதற்கு 8.2 சதவீத வட்டி. ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலே கணக்கு உயிரோடு இருக்கும் என்பதால், வேலையில்லாத மாதங்களில் நிறுத்திக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அல்லது 18 வயது ஆகும்வரை மேற்படிப்புக்குக்கூட இதிலிருந்து எடுக்க முடியாது. எனவே அவசரப் பணத்தை இதில் கலக்காதீர்கள்.

மகளைப் பிளேஸ்கூலில் சேர்க்கும் யோசனை இருந்தால், அதுவும் இப்போதைக்கு வேண்டாம். மாமியார் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைக்காமல், சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவளோடு பேசிக்கொண்டிருந்தாலே இந்த வயதுக்குப் பெரிய பாடம். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்; அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை ஏறவில்லையென்றால், செல்வமகள் கணக்கில் அந்த மாதம் போடுவதை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.